மாத்திரைப் பைக்கு ஓர் அர்ச்சனை

என் வீட்டுக்காரரின் வலது கை போனதற்குக் காரணமான மனிதரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தினமும் விளக்கேற்றுகிறவள், வெள்ளி தவறாமல் கோயிலுக்குப் போகிறவள் இப்படி எழுதலாமா என்று சிலர் கேட்கலாம். சாமிக்குத் தெரிந்ததைத்தானே எழுதுகிறேன்.

வீடு கிள்ளானில். வேலை பிரிக்ஃபீல்ட்ஸில், ஒரு மருந்துக் கடையில். நான் மருந்தாளர் இல்லை, கவுன்டரில் நிற்பவள். தமிழ்ப் பள்ளியில் ஆறு வருஷம், பிறகு இடைநிலைப் பள்ளியில் மூன்றாம் படிவம்வரை, அதோடு என் படிப்பு முடிந்தது. மருந்தின் பெயரை எழுத்துக் கூட்டித்தான் படிப்பேன். ஆனால் எந்தத் தட்டில் எது இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன்.

எங்கள் மருந்தாளர் முப்பது வயசுப் பெண். நல்ல படிப்பு, அதைவிட நல்ல வாய். வாட்சப்பில் சுற்றும் மருத்துவச் செய்தியில் ஒன்றை எடுத்து, அதற்கு ஒரு பதிலும் எழுதி, வாரம் ஒரு தாளாகக் கடைக் கண்ணாடிக் கதவில் ஒட்டுவார். மலாய்ப் பள்ளியில் படித்தவர், தமிழ் பேச வரும், எழுத வராது. அதனால் அவர் சொல்லச் சொல்ல நான் மார்க்கர் பேனாவில் பெரிய எழுத்தாக எழுதுவேன்.

"செய்தி: வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்தால் புற்றுநோய் செத்துவிடும். எங்கள் பதில்: எலுமிச்சை செத்தது மட்டும் உறுதி."

"செய்தி: உடம்பு இளைக்க நடிகைகள் போட்டுக்கொள்ளும் ஊசி. எங்கள் பதில்: டாக்டரைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். நடிகையின் டாக்டரை இல்லை, உங்கள் டாக்டரை."

சனங்கள் நின்று படித்துவிட்டுச் சிரிப்பார்கள். சிலர் போன் எடுத்துப் படம் பிடிப்பார்கள். ஒரு பூக்காரம்மா, "யாரு தங்கச்சி இதெல்லாம் எழுதுறது, வாயைப் பாரு" என்று கேட்டுவிட்டு உள்ளே வந்து தன் முழங்கால் தைலத்தை வாங்கிக்கொண்டு போவார். நானும் சிரித்திருக்கிறேன். போன வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால்வரை.

எங்கள் குடியிருப்புத் தாமானில் சின்ன முருகன் கோயில் ஒன்று உண்டு. பால்குடம் எடுக்கிறவர்களுக்கு ஒரு குழு, அந்தக் குழுவுக்கு ஒரு தலைவர். வெள்ளை வேட்டி, கழுத்தில் ருத்ராட்சம், நல்ல கனமான குரல். மாலை போடுவதற்கு முந்தின வாரம் அவர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். எத்தனை தரம் கேட்டிருப்பேனோ, எனக்கு மனப்பாடம்.

"சகோதர சகோதரிகளே, மாத்திரை உறையெல்லாம் மாட்டு எலும்பைக் காய்ச்சித்தான் செய்றான். அதை முழுங்கிட்டுப் பால்குடம் தூக்கினா அப்பன் ஏத்துப்பானா? நாப்பத்தெட்டு நாள். அந்த நாப்பத்தெட்டு நாள் உங்களைப் பாத்துக்க அவனுக்குத் தெரியாதா?"

என் வீட்டுக்காரர் லோரி ஓட்டியவர். பிரஷர் உண்டு, ஏழெட்டு வருஷமாக அரசாங்கக் கிளினிக்கில் மருந்து எடுக்கிறார். அந்தப் பதிவைக் கேட்டவர் மாலை போட்ட அன்றே மருந்தை நிறுத்திவிட்டார். என்னிடம் சொல்லவில்லை. முப்பத்தொன்பதாம் நாள், காப்பார் ஊரில் சிமெண்டு இறக்க நின்றபோது கையிலிருந்த சாவி கீழே விழுந்திருக்கிறது. குனிந்து எடுக்கப் போனவருக்குக் கை வரவில்லை. வாயும் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது.

இவர் என்ன மருந்து சாப்பிடுகிறார் என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். லோரியில் தேடினேன். ஸ்டீயரிங் பக்கத்து அறைக்குள், விபூதிப் பொட்டலத்துக்கு அடியில், கிளினிக் கொடுத்த பிளாஸ்டிக் பைகள் ஒட்டினது ஒட்டினபடியே இருந்தன. எல்லாம் மாத்திரை. அழுத்திச் செய்த வெறும் மாத்திரை. அதில் ஒன்றுகூட உறைபோட்ட கேப்சூல் இல்லை.

ஊரில் உள்ளவரையெல்லாம் "மருந்து ஒழுங்கா சாப்பிடுறீங்களா" என்று தினமும் கேட்கிறவள் நான். என் வீட்டு மனுஷனை நாற்பது நாள் கேட்கவில்லை. இந்தக் குற்றம் என்னுடையது. இதை நான் யார் தலையிலும் கட்டவில்லை.

ஆனால் தலைவர் ஆஸ்பத்திரிக்கு வந்தாரே, அதைச் சொல்ல வேண்டும். கட்டில் பக்கத்தில் நின்று இவர் நெற்றியில் விபூதி பூசினார். பிறகு குரலைத் தாழ்த்தி, "விரதத்துல எங்கயோ குறை வெச்சிருக்கே தம்பி. யோசிச்சுப் பாரு" என்றார். இவர் விழித்தார். தலைவர் தலையைத் திருப்பாமல், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் கேட்டார். "வீட்டுல சமையல்லாம் சுத்தமாத்தானே நடந்துச்சு?"

அன்று சாயங்காலம், வாய் கோணிக்கிடந்த நிலையில் என் வீட்டுக்காரர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "அந்த முட்டை பொரிச்ச சட்டியை எடுத்தியா?" என்பது.

நான் புதுச் சட்டி வாங்கி, பழையதை எல்லாம் கட்டி மேலே போட்டுவிட்டு, அந்த முப்பத்தொன்பது நாளும் குளித்துவிட்டு அடுப்பைப் பற்றவைத்தவள். அவர் வாயோரத்தைத் துடைத்துவிட்டேன். அன்றைக்குத்தான் சாமியிடம் முதல் தடவையாக இன்னொருத்தர் கெட்டுப்போக வேண்டும் என்று வேண்டினேன். அந்தக் குரல் நின்று போகட்டும் என்றேன். நாக்கு இழுத்துக்கொள்ளட்டும் என்றேன். தீபாராதனை நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொன்னேன், பல வாரம்.

பேச்சு திரும்பி வந்தது. கால் தப்பித்தது. கை மட்டும் வரவில்லை. லோரி ஓட்ட முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. வீட்டில் உட்கார்ந்து தலைவர் அனுப்பும் பதிவுகளைக் கேட்பார்.

நாலைந்து மாதம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், தொப்பி, கறுப்புக் கண்ணாடி, முகக்கவசம் போட்ட ஒருவர் எங்கள் கடைக்குள் வந்து ஒரு கிளினிக் சீட்டை நீட்டினார். சீட்டில் பெயரைப் பார்த்தேன். "சீக்கிரம் லா சிஸ்டர், வண்டி டபுள் பார்க்கிங்" என்றார். பெயரே வேண்டாம், அந்தக் குரல் போதும்.

நானும் முகக்கவசம் போட்டிருந்தேன். கடைச் சட்டை, தூக்கிக் கட்டிய கொண்டை. இதெல்லாம் இல்லாவிட்டாலும் அவருக்கு என்னைத் தெரிந்திருக்காது. கோயிலில் பெண்கள் பக்கம் திரும்பிப் பார்க்கிறவர் இல்லை அவர். கிள்ளானில் வாங்கினால் யாராவது பார்ப்பார்கள் என்று இவ்வளவு தூரம் வந்திருக்கிறார். அது புரிய எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

பிரஷருக்கு ஒன்று, சர்க்கரைக்கு ஒன்று, வயிற்றுக்கு ஒன்று. அந்த வயிற்று மருந்து கேப்சூல்.

மருந்தாளர் சீட்டைச் சரிபார்த்துக் கொடுக்க, நான் பையில் போட்டுக்கொண்டே கேட்டேன். "அங்கிள், இது ஒண்ணு கேப்சூல். மாட்டு எலும்பு அது இதுன்னு சிலபேர் யோசிப்பாங்க. வேற மாத்தலாமான்னு டாக்டரைக் கேக்கச் சொல்லட்டுமா?"

"அதெல்லாம் படிக்காத சனங்க பேசுறது லா."

"ஒழுங்கா சாப்பிடுறீங்களா?"

"ஒரு நாள் விட்டதில்ல. எட்டு வருஷமா."

"விரத நாள்லயும்?"

"மருந்தை யாராவது நிறுத்துவாங்களா, சிஸ்டர்?"

பையை வாங்கிக்கொண்டு போய்விட்டார். நான் பின்னறைக்குப் போய் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவில் நின்றேன். போனை எடுத்து, கோயில் குழுவைத் திறந்து, "தலைவர் இப்போது எங்கள் கடையில்" என்றுவரை எழுதிவிட்டேன். மருந்தாளர் உள்ளே வந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு என்ன என்று கேட்டார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

அவர் கதவைச் சாத்தினார். பிறகு, "அக்கா, கவுன்டருக்கு இந்தப் பக்கம் வந்த சேதி அந்தப் பக்கம் போகக் கூடாது. போச்சுன்னா நான் லைசென்ஸைக் கழட்டிக் குடுத்துட்டு, கடை வாசல்ல வடை சுடணும். எனக்கு வடை சுடக்கூட வராது" என்றார்.

"அந்த ஆளு என் புருஷனைக் கொல்லப் பாத்தாரு, பாஸ்."

"தெரியுது. ஆனாலும் சொல்லக் கூடாது. அவரு நல்லவரா கெட்டவரான்னு பாத்து நம்ம ரகசியம் காக்கிறது இல்ல."

சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்து, எழுதியதை அழித்தேன். அந்த மனிதர் மாதாமாதம் வந்தார். மாதாமாதம் நானே எடுத்துக் கட்டிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவையும் "ஒழுங்கா சாப்பிடுறீங்களா அங்கிள்" என்று கேட்டு, "விட்டதே இல்ல" என்ற பதிலை வாங்கி மனசில் சேர்த்து வைத்தேன்.

இந்த வருஷம் கார்த்திகை பிறந்ததும் என் வீட்டுக்காரர் ஒரு நாள் சொன்னார். "மாலை போடப் போறேன். போன வருஷம் குறை ஆயிடுச்சு. இந்தத் தடவை சுத்தமா எடுத்துட்டா கை வந்துடும்."

"மாத்திரை?"

"அதெல்லாம் நாப்பத்தெட்டு நாளைக்கு வேணாம்."

இன்னொரு தடவை வந்தால் கையோடு போகாது என்று டாக்டர் எங்கள் இரண்டு பேரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். அதை ஞாபகப்படுத்தினேன். உங்களுடையது கேப்சூல் இல்லை, மாத்திரை, அதில் எலும்பும் இல்லை ஒன்றும் இல்லை என்று தட்டில் கொட்டிக் காட்டினேன். அவர் பார்க்கக்கூட இல்லை.

"நீ கவுன்டர்ல நிக்கிறவ. அவரு எத்தனை வருஷமா சாமி காரியம் பாக்குறாரு."

நாக்கு நுனிவரை வந்தது. அந்தச் சாமிகாரியக்காரர் மாதாமாதம் என்னிடம் என்ன வாங்குகிறார் என்று ஒரு வரி சொன்னால் போதும். சொல்லவில்லை. அன்று கொம்யூட்டர் ரயிலில் ஷா ஆலம் தாண்டும்வரை ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு அழுதேன். அழுதது துக்கத்தில் இல்லை, ஆத்திரத்தில். அந்த ஆத்திரத்தில்தான் எனக்கு யோசனை வந்தது.

எங்கள் சனம் எதைத்தான் கோயிலுக்கு எடுத்துப் போகாது? புதுக் கார் வாங்கினால் சாவியைச் சாமி காலடியில் வைப்போம். பரீட்சை வந்தால் பேனாவையும் பென்சிலையும் கட்டுக் கட்டாக வைத்து வாங்குவோம். கடை திறந்தால் கால்குலேட்டருக்குச் சந்தனம் வைப்போம். மாத்திரையை மட்டும் யாரும் வைத்ததில்லை.

குருக்களிடம் போனேன். "சாமி, மாலை போடுற அன்னிக்கு எல்லாரும் அவங்கவங்க மருந்துப் பையைக் கொண்டு வந்து அப்பன் காலடியில வெச்சு, அர்ச்சனை பண்ணி, உங்க கையால திரும்ப வாங்கிக்கட்டும். விரதத்துல அதைப் பிரசாதமா நெனச்சு சாப்பிடட்டும். முதல்ல தலைவர் வைக்கட்டும், அதுதானே முறை."

குருக்களுக்கே சர்க்கரை உண்டு. சிரித்தார். "என் பையையும் வைக்கலாமா?"

"உங்களது நடுவுல சாமி."

"அப்பன் மலைமேல இருந்து பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்காரு போல. எனக்கே இது தோணல" என்றார். அன்றே குழுவில் அறிவிப்புப் போட்டார். என் மருந்தாளர் வந்து அரை மணி நேரம் பேசுவார் என்றும் போட்டார். தலைவர் கைகூப்பும் படம் ஒன்றை அனுப்பினார். குருக்கள் சொன்ன பிறகு வேறு என்ன அனுப்ப முடியும்? எனக்கு அன்று சாப்பாடு ருசித்தது. சாமி முன்னால் வெறுங்கையோடு நின்று பொய் சொல்லட்டும், அல்லது பையோடு வந்து எல்லார் முன்னாலும் அவமானப்படட்டும். இரண்டில் எது நடந்தாலும் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும் என்று, தட்டு ஏந்தும் வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் முழுக்கத் தட்டைப் புளி போட்டுத் தேய்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை. மண்டபத்தில் கூட்டம். ஆளாளுக்குப் பிளாஸ்டிக் பை, பிஸ்கட் டின், ஒரு அம்மாவிடம் மூக்குக் கண்ணாடிக் கூடு. மருந்தாளர் தன் தாள்களைப் பிடித்துக்கொண்டு பேசினார்.

"மாட்டு எலும்புச் செய்தி முழுப் பொய் இல்ல. சில கேப்சூல் உறையில உண்டுதான். மனசு ஒத்துக்கலன்னா எங்களைக் கேளுங்க, டாக்டரைக் கேளுங்க, வேற வழி பாக்கலாம். ஆனா பாதிச் செய்தி படிச்சுட்டு முழு மருந்தையும் நிறுத்தாதீங்க. முருகன் உங்களைக் காப்பாத்துவாரு, சரி. ஆனா அவருக்கு வேற வேலையும் இருக்குல்ல."

மண்டபம் சிரித்தது. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். "என் வீட்டுக்காரரு பக்கத்து வீட்டு அங்கிளோட மாத்திரையைச் சாப்பிடுறாரு டாக்டர். நல்லா கேக்குதாம்."

"அப்படின்னா பக்கத்து வீட்டு அங்கிளுக்கு ஏது மாத்திரை? அவரையும் வரச் சொல்லுங்க ஆன்டி."

தலைவர் முன்வரிசையில் சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார். பூசை ஆரம்பித்தது. குருக்கள் அவரை முதலில் அழைத்தார். நான் தட்டோடு அவர் முன்னால் போய் நின்றேன். அவர் கையில் ஒன்றும் இல்லை. இரண்டு கையையும் கூப்பி, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"எனக்கு மாத்திரை கிடையாது. அவன்தான் என் மருந்து."

கூட்டம் "முருகா" என்றது. நான் திரும்பி என் வீட்டுக்காரரைப் பார்த்தேன். வரிசையில் மூன்றாவதாக நின்றார். நான் காலையில் அவர் இடது கையில் கொடுத்த பையை மெதுவாகத் துண்டுக்குள் மறைத்துக்கொண்டிருந்தார்.

என் திட்டம் அதோடு தீர்ந்துவிட்டது. தலைவர் சாமி முன்னால் பொய் சொன்னார், ஒன்றும் ஆகவில்லை. இடி விழவில்லை, நாக்கும் இழுக்கவில்லை. என் புருஷன்தான் மாத்திரையை மறைத்தார்.

தட்டைத் தலைவர் நெஞ்சுக்கு நேராகக் கொண்டுபோய், அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். "அண்ணே, போன வாரம் பிரிக்ஃபீல்ட்ஸ்ல நான் கட்டிக் குடுத்த பை. கார்ல இருந்தா எடுத்துட்டு வாங்க. நான் நிக்கிறேன்."

அவர் என் முகத்தைப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் முதல் தடவை. நெற்றியில் விபூதிக்கு அடியில் வேர்த்தது.

"யாருகிட்ட சொன்னே?"

"யாருகிட்டயும் இல்ல. இன்னும்."

அந்த 'இன்னும்' தப்பு. மருந்தாளருக்குக் கொடுத்த வாக்கை மீறியிருப்பேனா என்று கேட்டால், அந்த நிமிஷம் மீறியிருப்பேன். வேலை போயிருக்கும், போகட்டும் என்றிருந்தேன்.

அவர் வெளியே நடந்தார். பூசை நின்றது. குருக்கள் மணியைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். பின்னால் ஒரு அம்மா பக்கத்தவரிடம், "டாய்லெட்டுக்கா இருக்கும். சர்க்கரைக்காரங்களுக்கு அடக்க முடியாது" என்றார். "அவருக்குத்தான் ஒண்ணும் கிடையாதே" என்றார் இன்னொருவர். கார்க் கதவு சாத்தும் சத்தம் கேட்டது.

எங்கள் கடைப் பையோடு திரும்பி வந்தார். மருந்தாளர் அந்தப் பையைப் பார்த்ததும் தலை குனிந்துகொண்டார். தலைவர் பையைத் தட்டில் வைத்தார். இப்போது கூனிக் குறுகுவார், இப்போது யாராவது கேட்பார்கள் என்று காத்திருந்தேன். அவரோ மைக்கை வாங்கினார்.

"எனக்கும் வியாதி உண்டு. மறைச்சேன். அப்பன் முன்னால நின்னதும் மனசு கேக்கல. தலைவன்னா தானே முதல்ல செஞ்சு காட்டணும். போன வருஷம் நான் சொன்னதைச் சிலபேர் தப்பா எடுத்துக்கிட்டீங்க. இந்த வருஷம் யாரும் மருந்தை நிறுத்தக் கூடாது. இது என் கட்டளை."

கை தட்டினார்கள். கோயிலில் கை தட்டினார்கள். ஒரு பாட்டி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பதிவில் கேட்ட அதே கனமான குரல், அதே ருத்ராட்சம், மாலையோடு சேர்ந்து முன்னைவிடப் பெரிய மனிதராக நின்றார். தப்பா எடுத்துக்கொண்டோமாம். அந்தப் பித்தளைத் தட்டால் அவர் தலையில் ஒன்று போட வேண்டும் என்று எனக்கு இருந்தது. சன்னிதி என்றும் பார்க்காமல் அப்படி இருந்தது.

அப்போது தட்டில் இன்னொரு பை விழுந்தது. இடது கையால் வைத்ததால் சரிந்து விழுந்தது. என் வீட்டுக்காரர். அவருக்குப் பின்னால் எல்லாரும் வைத்தார்கள். தட்டு போதாமல் தாம்பாளம் கொண்டு வந்தோம்.

வெளியே செருப்பு போடும்போது மருந்தாளர் என் தோளைத் தொட்டார். "அக்கா, யாருகிட்டயாவது சொன்னீங்களா?"

"அவருகிட்டதான் பாஸ் சொன்னேன். அவரோட மருந்தைப் பத்தி."

யோசித்தார். "அப்ப அது கவுன்சலிங்ல வரும்" என்று சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "மிரட்டி கவுன்சலிங் பண்றது இதுதான் கடைசி, சரியா?" என்றார். தலையாட்டினேன்.

அடுத்த மாதம் தலைவர் எங்கள் கடைக்கு வரவில்லை. வேறெங்கோ வாங்குகிறார் போல. ரவாங்வரை போகட்டும், போகும் வழியெல்லாம் ஜாமில் நிற்கட்டும் என்று வேண்டிக்கொண்டேன். சூரனை வென்ற முருகன் அவனை மயிலும் சேவலுமாகப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டதை வருஷா வருஷம் கேட்கிறேன். எல்லாரும் உருகுவார்கள். எனக்கு இந்த வருஷம் அந்த இடம் பிடிக்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு மறுநாள், விரதத்தின் முதல் காலையைச் சொல்லாமல் விட்டேன். குளித்து, மாலையோடு, என் வீட்டுக்காரர் மேசையில் உட்கார்ந்தார். இட்லிக்குப் பிறகு அர்ச்சனை செய்த பையைப் பிரித்து இரண்டு மாத்திரையை உள்ளங்கையில் வைத்தேன்.

"பாத்தியா, எல்லார் முன்னாலயும் ஒத்துக்கிட்டாரு. எவ்வளவு பெரிய மனசு" என்றார். "நம்மளா இருந்தா செய்வோமா?"

"தண்ணி குடிங்க."

"இல்ல, அந்த மாதிரி ஒரு மனுஷனை நீ ஒரு நாளும் நல்லவருன்னு சொன்னதில்ல."

டம்ளரை அவர் இடது கைக்குள் வைத்துப் பிடித்துக்கொண்டேன். அவர் மாத்திரையை வாயில் போட்டு, அண்ணாந்து குடித்தார். தொண்டை ஏறி இறங்கும்வரை நின்று பார்த்துவிட்டு, வாயைத் திறந்து காட்டச் சொன்னேன். காட்டினார். கொம்யூட்டருக்கு நேரமாகிவிட்டிருந்தது.